மூன்றாம் பந்தி ஒப்புட்டு

ஜூன் 3, செவ்வாய்

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. ‘இருகரை இலக்கிய முகமை’ என்று பெயர். நிலம் விற்க ஒரு புரோக்கர் இருப்பதுபோல, நாவல் விற்க இவர்கள். நல்ல பதிப்பகமாகப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். எழுதியிருக்கும் பெண்ணின் பெயர் ஷெரின். முதல் மூன்று அத்தியாயமும் ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் தயார். கூடவே இன்னொன்று கேட்டிருக்கிறாள். கடந்த ஐந்து வருடத்துக்குள் வந்ததில் என் நாவலைப் போல இருக்கும் இரண்டு புத்தகங்களின் பெயர் வேண்டுமாம். மாதக் கடைசிக்குள்.

முப்பது வருடமாகக் காதல் கதை எழுதுகிறேன். இன்னொருத்தி கதையைப் போல இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாசலில் போய் நின்று கேட்டிருப்பேன். இப்போது நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். திருடாதவன் ஸ்டேஷனைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிற கதைதான்.

‘இதுபோல ஒன்று தமிழில் வந்ததே இல்லை’ என்று எழுதி வைத்தேன். மனசு ஆறியது.

பிறகு மாவு ஆட்டினேன். கிரைண்டர் கால் ஒன்று கட்டை. அடியில் வைத்த புத்தகம் விலகிப்போய், கிரைண்டர் பாதி சமையலறை நடந்து வந்துவிட்டது. புத்தகத்தைக் காலால் தள்ளிச் சரியாக வைத்தேன்.

ஜூன் 4, புதன்

கோயமுத்தூரிலிருந்து மகள் நித்திலா போன் செய்தாள். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“அம்மா, அப்படி எழுதறவங்க வேற புக்கே படிக்கறதில்லைன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. எடுத்ததும் குப்பைதான்.”

“சரி, ஸ்கூல்ல படிச்ச காப்பியத்தைப் போட்டுடறேன். அதுலயும் கல்யாணம், பிரிவு எல்லாம் வருது.”

“அது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது. அஞ்சு வருசம்னு சொல்லியிருக்காங்க.”

“நம்ம ஈரோட்டுல எதுவும் மெதுவாத்தான் கண்ணு வந்து சேரும்.”

அவள் சிரிக்கவில்லை. “அத்தை புக்கைப் போடும்மா. அதுதான் பொருத்தமா இருக்கும்” என்றாள். சொல்லும்போது குரலில் ஒரு நெளிவு.

குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

அத்தை என்றால் நித்திலாவின் மாமியார். என் சம்பந்தி. பூங்கோதை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு நாவல், ‘பந்தியில் பார்த்த முகம்’. அதற்குக் கெட்டி அட்டை, நூல் கட்டு, முதுகில் எழுத்து. கோயமுத்தூர் ஜங்ஷன் புத்தகக் கடையில் அது நிமிர்ந்து நிற்கிற படத்தை நித்திலா போன வருடம் அனுப்பியிருந்தாள்.

நான் நாற்பதுக்கு மேல் எழுதியிருக்கிறேன். எல்லாம் மாத நாவல். பின் அடித்தது. பேருந்து நிலையத்தில் கிளிப் போட்டுத் துணி மாதிரி தொங்கவிடுவார்கள். முதுகு கிடையாது. அலமாரியில் நிற்க வைத்தால் வழுக்கி விழும், படுக்கத்தான் போட வேண்டும். ஒரு புத்தகமாவது என் பெயரைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் ஆசை. சம்பந்திமேல் இருப்பது பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான்.

அது மட்டும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த நித்திலா கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு ஒப்புட்டு தீர்ந்துபோனது. மற்ற ஊரில் போளி என்பார்கள். பருப்புப் பூரணம் வைத்து, நெய் மிதக்க, பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னது. தீர்ந்துவிட்டது, என்ன செய்ய. எத்தனை பேர் வருவார்கள் என்று சாமிக்கே தெரியாது. அந்தம்மா என்னிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தமுகமாகச் சொன்னது: “பரவால்லைங்க சம்பந்தி. எங்க சனம் எதையும் எதிர்பார்க்காமத்தான் வந்தாங்க.”

எங்கள் பக்கம் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். அந்த ‘ங்க’ மூன்று வருடமாக என் நெஞ்சில் இருக்கிறது. என் புது நாவல் ‘முகூர்த்தக்கால் சாட்சியாக’வில் கதாநாயகனின் அம்மா ராஜாத்தி இதே வாக்கியத்தைச் சொல்வாள், எழுத்து மாறாமல். ராஜாத்திதான் வில்லி.

ஜூன் 7, சனி

கிரைண்டரைத் தூக்கி அடியிலிருந்த புத்தகத்தை எடுத்தேன். ஆமாம், அதே புத்தகம்தான். ‘அன்புச் சம்பந்திக்கு’ என்று கையெழுத்துப் போட்டு அந்தம்மா கொடுத்தது. கெட்டி அட்டை. கிரைண்டர் காலுக்குச் சரியான கனம்.

மாவுத் தண்ணீர் குடித்துக் குடித்து இரண்டு மடங்கு பருத்திருக்கிறது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மாடியில் வடகத்தோடு காயப் போட்டிருக்கிறேன். காக்கை வராமல் இருக்க இரண்டுக்கும் சேர்த்து ஒரே குடை.

ஜூன் 11, புதன்

இரண்டு நாளாக வீட்டில் தயிர் சாதம்தான். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் கம்பம் ஏறியவர், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

புத்தகத்தைப் படித்துவிட்டேன். காதல் கதை. பையன் கோயமுத்தூர், பெண் ஈரோடு. வேலை இடத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வீட்டிலும் முறுக்கிக்கொண்டு பிறகு சம்மதிக்கிறார்கள். கல்யாணத்தில் முடிகிறது. என் நாவலும் அதேதான். ஏனென்றால் என் நாவலில் இருப்பது நித்திலாவும் மாப்பிள்ளையும். அதிலும் அவர்கள்தான். ஒரே கல்யாணத்தை இரண்டு மண்டபத்தில் நடத்தி வைத்திருக்கிறோம்.

அதில் வில்லி யார் தெரியுமா. பெண்ணின் அம்மா, ‘ஜெகதாம்பாள்’. வருகிறவர்கள் தட்டில் முறுக்கை எண்ணி வைப்பாளாம். யார் பேசினாலும் நடுவில் புகுந்து தன் கதையைச் சொல்வாளாம். நான் எப்போது முறுக்கை எண்ணினேன். ஆளுக்கு நான்கு என்பது எண்ணுவதில் சேராது.

இன்னும் கேளுங்கள். பதினேழாம் அத்தியாயத்தில் பையனின் அம்மா மணமகள் அறையில் செருப்பைத் தேடிக் குனிகிறாள். கட்டிலுக்கு அடியில், மூடியில் மயில் படம் போட்ட பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அது நிறைய ஒப்புட்டு. ஜெகதாம்பாள் தன் சொந்தக்காரர்களுக்கு என்று ஒளித்து வைத்ததாம்.

அபாண்டம். அந்த அறைக்குள் நானும் என் தங்கையும் தவிர யாருமே வரவில்லை. மயில் டின் ஊரில் எல்லார் வீட்டிலும்தான் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். “மயில் டின்னா? நம்மகிட்டகூட ஒண்ணு இருக்குதே. ஆணி போட்டு வெச்சிருக்கறேன்” என்றார். இந்த மனிதர் சும்மா இருக்கிற நாளில்தான் எனக்கு நிம்மதி.

ஜூன் 12, வியாழன்

சம்பந்தி புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்தில் வருவதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுமையாக இருக்காது. பையனின் அம்மா விதவை. தன் சனத்தை எல்லாம் முதல் இரண்டு பந்தியில் உட்கார வைத்துவிட்டுக் கடைசியாக மூன்றாம் பந்தியில் உட்காருகிறாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் புருஷனுக்கு ஒப்புட்டு என்றால் உயிர். இருந்திருந்தால் இன்று இரண்டு கேட்டு வாங்கியிருப்பார், அவருக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இலையைப் பார்க்கிறாள். ஒப்புட்டு வரவில்லை.

சம்பந்தி மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அழுகை வந்தது. அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இந்த நாள் எனக்கு எந்தப் பிறவிப் பாவத்துக்கோ. பவானிக் கோயிலுக்கு வந்ததாகவும் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததாகவும் சொல்லிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வந்து இறங்கினார். காபி கொடுத்தேன். முறுக்கைத் தட்டில் கொட்டினேன், எண்ணாமல். மலையாகக் குவிந்தது. அந்தம்மா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாடியில காத்து நல்லா வருமேங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி ஏறிவிட்டார். முட்டி வலிக்கிறது என்று கல்யாணத்தில் நாற்காலி கேட்ட அதே அம்மா. நான் பின்னால் ஓடினேன். எங்கே ஓடி என்ன. மீண்டும் காயட்டும் என்று வெளியே வைத்திருந்தேன். வடகம் ஒரு பாய், பக்கத்தில் பப்பரப்பே என்று விரித்தபடி ‘பந்தியில் பார்த்த முகம்’.

“நான் எழுதுன புக்கு வெயில் காயுதுங்களா?”

“படிச்சுப் படிச்சு அழுதனுங்க. நனைஞ்சு போச்சு. அதுதான்.”

எடுத்தார். முகர்ந்து பார்த்தார்.

“உளுந்து வாசம் வருதுங்க.”

“சமைச்சுட்டே படிச்சனுங்க.”

“அப்படிங்களா. நெம்ப சந்தோசம்.” புத்தகத்தைத் திரும்ப அதே இடத்தில், அதே பக்கம் விரித்து வைத்தார். குடையையும் நகர்த்திச் சரிபண்ணினார். பிறகு கீழே வந்து இரண்டு முறுக்கு சாப்பிட்டுக் கிளம்பினார். போகும்போது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தவர் கிரைண்டர் காலுக்கு வைத்திருந்த செங்கல்லைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 19, வியாழன்

இரண்டில் ஒன்று முடிவாகிவிட்டது, வேறு வழியில்லை. சம்பந்தி புத்தகத்தைப் போல என் நாவலுக்கு நெருக்கமானது உலகத்தில் இல்லை. இரண்டாவது என்ன போடுவது?

வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, “இதைப் படிச்சா உங்களுக்கு எந்த புக்கு ஞாபகம் வருதுங்க?” என்றேன். போன சனிக்கிழமை வாங்கியவர் இன்றுதான் திருப்பிக் கொடுத்தார்.

“சமையல் புக்கு.”

“என்னது?”

“மூணுல ஒரு பங்கு சாப்பாடுதானே புள்ள. எனக்குப் பசி எடுத்துச்சு.”

பிரதியைப் பிடுங்கிக்கொண்டேன். பிறகு யோசித்தால் அது சரிதான். கொங்குக் கல்யாண விருந்தைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன்னால் ‘முந்திய பந்தி’ என்று ஒரு புத்தகம் வந்தது. நன்றாக விற்றது. அதைப் போட்டேன்.

வெறும் பெயர் போதாது, எப்படிப் பொருத்தம் என்று சம்பந்தி புத்தகத்துக்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். முதலில், ‘பூங்கோதை அவர்களின் நாவலை வாங்கி ஏமாந்தவர்களுக்கு என் நாவல் ஆறுதல் அளிக்கும்’ என்று எழுதினேன். நித்திலாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அம்மா, நான் தினமும் அத்தை கையால காபி குடிக்கறவ. பார்த்து எழுது.”

மறுபடி உட்கார்ந்தேன். ‘பந்தியில் பார்த்த முகம் நாவலை மூடி வைக்கும்போது, பெண்ணைப் பெற்றவளின் பக்கத்து நியாயம் என்ன என்று வாசகருக்குக் கேட்கத் தோன்றும். அதை நான் எழுதியிருக்கிறேன். சமைக்கத் தெரிந்தவர்களுக்கு முந்திய பந்தி புத்தகமும் நினைவுக்கு வரும்.’

நல்ல வாக்கியம். எனக்கே பிடித்திருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் இல்லை. வடகம் எடுத்து வைத்தாயிற்று.

ஜூலை 9, புதன்

ஷெரின் போன் செய்தாள். குழந்தைக் குரல், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

“மேடம், மூணு அத்தியாயமும் படிச்சேன். அந்த ராஜாத்தி கேரக்டர் பிரமாதம். உங்க ஒப்பீடு பார்த்துத்தான் நான் உள்ளேயே போனேன். ஒரு காதல் நாவல், ஒரு சமையல் புத்தகம், இப்படி யாருமே போட்டதில்லை. முழு நாவலும் அனுப்புங்க.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் நின்றுவிட்டது.

“பூங்கோதை மேடம் எங்க எழுத்தாளர்தான். நாங்கதான் அவங்களுக்குப் பதிப்பகம் பார்த்துக் கொடுத்தோம். நீங்க அவங்க பேரைச் சொல்லியிருக்கறதால முழு நாவலையும் அவங்களுக்கு அனுப்பி, பின்னட்டைக்கு ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லலாம்னு இருக்கேன். அவங்க நல்லா சொன்னா பதிப்பகத்துல பேசறது ரொம்பச் சுலபம் மேடம்.”

“அவங்க நெம்ப பிசிங்களே” என்றேன்.

“கேட்டுட்டேன். ஆவலா இருக்கேன்னு சொன்னாங்க.”

ஆவலாம். போச்சு. ராஜாத்தி போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடிச் சங்கிலி முதல் ‘எங்க சனம்’ என்று இழுக்கிற இழுப்பு வரை அப்படியே சம்பந்தி. குருடன்கூடக் கண்டுபிடிப்பான். என் புத்தகம் போனாலும் போகட்டும், என் பெண் அந்த வீட்டில் இருக்கிறாள். ஊரெல்லாம் வில்லி தேடினேன், எனக்கு ஏன் சம்பந்தி வீட்டில் போய்க் கிடைத்தது?

ஜூலை 11, வெள்ளி

நித்திலாவிடம் சொன்னேன். நாவலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“நீ எதுக்கும்மா பயப்படறே? அவங்க உன்னைய எழுதலையா?”

“உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு புக்குக்கும் முதல் வாசகி நான்தானே.” இப்போது சிரித்தாள், வாய்விட்டு. கல்லுளிமங்கி. இதற்காகத்தான் அன்றைக்கு அத்தை புத்தகத்தைப் போடச் சொல்லியிருக்கிறாள்.

ராஜாத்தியை மாற்றலாமா என்று உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிச் சங்கிலியை எடுத்தால் ஆளே காணாமல் போகிறாள். வைத்துவிட்டேன். பந்திக் காட்சியில் மட்டும் ஒரு பத்தி சேர்த்தேன். எல்லாரையும் சாப்பிட வைத்துவிட்டு ராஜாத்தி மூன்றாம் பந்தியில் உட்காருகிறாள், பக்கத்து இலை காலியாக இருக்கிறது, இரண்டு இலையிலும் ஒப்புட்டு விழவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்துபோய் அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். கதைக்குத் தேவைப்பட்டது, சேர்த்தேன். வேறு காரணம் இல்லை.

மத்தியானம் முழு நாவலையும் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. சம்பந்தியிடமிருந்து போன் இல்லை. சாதாரணமாகத் தமிழ் மாதம் ஒன்றாம் தேதியானால் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்வார்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் இல்லை. நித்திலாவைக் கேட்டால், “ரூம்ல உட்கார்ந்து படிச்சுட்டே இருக்காங்க. நடுவுல நடுவுல சத்தம் வருது” என்கிறாள். என்ன சத்தம் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்கிறாள்.

கிரைண்டர் ஆடுகிறது. ஆடிவிட்டுப் போகட்டும்.

ஜூலை 26, சனி

ஷெரின் அனுப்பியதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன்.

‘இந்த நாவலில் வரும் மாமியாரை எனக்கு நேரில் தெரியும். ஆசிரியர் சற்றும் மிகைப்படுத்தவில்லை. அவள் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பக்கத்தை மட்டும் நான்கு முறை படித்தேன். ஒப்புட்டு விஷயத்தில் வாசகர்கள் என் நாவலையே நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன். – பூங்கோதை’

கீழே ஷெரினின் குறிப்பு: ‘கடைசி வரி என்னவென்று புரியவில்லை மேடம், ஆனால் பதிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு புத்தகத்தையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும் என்கிறார். உங்கள் நாவலைப் போடச் சரி சொல்லிவிட்டார். கெட்டி அட்டை.’

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். “முதுகு வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்றைக்கு வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காவிரிக்குப் போய் வந்த கையோடு பருப்பு வேகப் போட்டேன். பூரணம் அரைத்து, நெய்யைத் தாராளமாக விட்டு ஒப்புட்டு தட்டினேன். எத்தனை என்று எண்ணவில்லை.

வீட்டுக்காரரின் சாமான் அறைக்குள் போய் அந்த மயில் டின்னை எடுத்தேன். ஆணிகளைக் கொட்டிவிட்டு, புளி போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, வெயிலில் வைத்துத் துடைத்தேன். மூடியில் மயில் நிறம் போகாமல் அப்படியே இருக்கிறது. டின் நிறைய ஒப்புட்டை அடுக்கினேன். ஆடி நோம்பிக்கு வந்திருந்த நித்திலாவும் மாப்பிள்ளையும் கிளம்பும்போது கையில் கொடுத்து, “அத்தைகிட்டக் குடுத்துரு கண்ணு. டின்னைத் திருப்பிக் கொண்டாற வேண்டாம்” என்றேன்.

நித்திலா டின்னைப் பார்த்தாள். மயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை முன்னால் ஒன்றும் கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல பெண்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் சம்பந்தி போன் செய்தார். முதலில் என்னவோ மென்று விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ரெண்டு சாப்ட்டனுங்க” என்றார். “எனக்கொண்ணு, அவருக்கொண்ணு.”

நான் “சரிங்க” என்றேன்.

“ஏனுங்க சம்பந்தி, மூணாம் பந்திக்கு மூணு வருசம் கழிச்சுப் பரிமாறுனது ஊருலயே நீங்க ஒருத்தருதானுங்க.”

“இன்னும் இருக்குதுங்க, சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆணிகளை வீட்டுக்காரர் இப்போது தயிர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.